மட்கலக் கலைச்செல்வி நாம்பேயோ

உடைந்த மட்கலத்தின் ஓட்டைப் பொருட்படுத்துவார் அரியர். நடப்பவர் காலைக் கிழிக்குமோ என்று அஞ்சி, அதனை எடுத்து வேலியோரம் எறிவதே உலக வழக்கம். ஆனால், அத்தகைய ஓடுகளைக் கையில் ஏந்தி, அவற்றில் மங்கியிருந்த கோடுகளை உற்று நோக்கி, அழிந்து போன ஒரு கலையை மீண்டும் தழைக்கச் செய்த பெருமாட்டி ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் பள்ளி சென்று பயின்றவர் அல்லர்; எழுதப் படிக்க அறியாதவர்; செல்வக் குடியில் பிறந்தவரும் அல்லர். முதுமையில் கண்ணொளியையும் இழந்தார். எனினும், அவர் கை வனைந்த கலங்களைப் பேரருங்காட்சியகங்கள் இன்று கண்ணாடிப் பேழைகளில் வைத்துப் போற்றுகின்றன. அவரே நாம்பேயோ என்னும் அம்மையார்.

பியூப்ளோ மக்கள்

வட அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி மழைவளம் குன்றிய நிலம். செந்நிறப் பாறைகளும் மணல் வெளிகளும் அங்கே நெடுந்தொலைவு பரந்து கிடக்கின்றன. அரிசோனா, நியூ மெக்சிகோ என்னும் மாநிலங்கள் அமைந்துள்ள அப்பகுதியில் பன்னெடுங்காலமாக வாழ்ந்து வருபவர் பியூப்ளோ மக்கள். பியூப்ளோ என்பது ஸ்பானிய மொழியில் ஊரைக் குறிக்கும் சொல். நாடோடிகளாகத் திரியாமல், கல்லாலும் மண்ணாலும் வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, ஊராகக் கூடி வாழ்ந்தமையால் இப்பெயர் அவர்களுக்கு வழங்கலாயிற்று. மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் அவர்கள் பயிரிட்டனர். நீர் அருகிய அந்நாட்டில் நீரைச் சேர்த்து வைக்கவும், தானியத்தைக் காக்கவும், உணவு சமைக்கவும் மட்கலங்களே அவர்களுக்குத் துணையாயின.

கலத்தைப் பயனுக்கு மட்டும் செய்து அவர்கள் மன நிறைவு எய்தவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, வெண்ணிறக் கலங்களின்மீது கருநிறத்தால் படிக்கட்டுக் கோலங்களையும், சுருள்களையும், மின்னற் கோடுகளையும் தீட்டினர். குயவர் திரிகை அவர்களிடம் இல்லை. மகளிரே கையால் கலங்களை வனைந்தனர். மகளிரே வண்ணமும் தீட்டினர். தாயிடமிருந்து மகளும், பாட்டியிடமிருந்து பேர்த்தியும் கற்றுக் கற்று இக்கலை வழிவழியாக வளர்ந்து வந்தது.

பியூப்ளோ மக்களுள் ஹோப்பியர் ஒரு பிரிவினர். அரிசோனாவின் வடபகுதியில், உச்சி தட்டையாக அமைந்த உயர்ந்த குன்றுகளின்மீது அவர்களுடைய ஊர்கள் அமைந்துள்ளன. முதற்குன்றின் அடிவாரத்தில் முற்காலத்தில் சிக்யாட்கி என்னும் ஊர் ஒன்று செழித்திருந்தது. மஞ்சள் வீடு என்பது அப்பெயரின் பொருள். அவ்வூர் மகளிர் வனைந்த கலங்களும் பொன்மஞ்சள் நிறம் வாய்ந்தனவே. அருகில் கிடைத்த நிலக்கரியை எரித்து அக்கலங்களைச் சுட்டனர். அதனால் அவை உறுதியும் மெருகும் பெற்றன. வளைந்த அலகுடைய பறவைகளும், விரிந்த சிறகுகளும், வண்ணத்துப் பூச்சிகளும் அவற்றின்மீது கருப்பிலும் சிவப்பிலும் விளங்கின. ஸ்பானியப் பாதிரிமார் 1629 ஆம் ஆண்டில் ஹோப்பி நாட்டிற்கு வருமுன்பே சிக்யாட்கி பாழாயிற்று. ஊர் அழிந்தபின் அக்கலையும் படிப்படியாக மறைந்தது. காற்று வாரி இறைத்த மணலின் கீழ்க் கலங்கள் துயின்றன. ஓடுகள் மட்டுமே தரைமேல் சிதறிக் கிடந்தன.

பிறப்பும் இளமையும்

முதற்குன்றின் உச்சியில் ஹானோ என்பது ஒரு சிற்றூர். அங்கு வாழ்பவர் டேவா என்னும் மொழி பேசும் மக்கள். ஸ்பானியரை எதிர்த்து 1696 ஆம் ஆண்டில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின்னர், அவர்களுடைய முன்னோர் ரியோ கிராண்டி ஆற்றங்கரையை விட்டு வெளியேறி, ஹோப்பியரிடம் அடைக்கலம் பெற்றனர். குன்றின்மேல் ஏறிவரும் வழியைக் காக்கும் பொறுப்பை ஏற்று, அவ்வழியின் தலைப்பிலேயே ஊர் அமைத்துக் கொண்டனர். இவ்வூரில் ஏறத்தாழ 1859 ஆம் ஆண்டில் நாம்பேயோ பிறந்தார்.

அவருடைய தாய் ஹானோவின் மக்காச்சோளக் குலத்தைச் சேர்ந்த டேவா மங்கை. தந்தையார் அடுத்த ஊராகிய வால்பியில் பாம்புக் குலத்தில் பிறந்த ஹோப்பியர். அம்மக்களிடையே குலம் தாய்வழியாகவே அமையும். குழந்தைக்குப் பெயர் சூட்டும் உரிமையோ தந்தை வழி மகளிர்க்கு உண்டு. அவ்வழக்கப்படி தந்தை வழிப் பாட்டி குழந்தைக்கு நாம்பேயோ என்று பெயரிட்டார். தீண்டாத பாம்பு என்பது அதன் பொருள். தந்தையின் குலப் பெருமையும் குழந்தையின் மென்மையும் அப்பெயரில் ஒருங்கே அமைந்தன.

சிறுமி நாம்பேயோ வால்பிக்குச் சென்று பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் கலம் வனைவதைக் கண்கொட்டாது பார்ப்பார். பாட்டி பெரிய நீர்க்குடம் செய்யும்போது, பேர்த்தி சிறு சொப்புகளைச் செய்வார். மண்ணின் குணத்தை விரல்களால் அறியும் திறம் அங்கே அவருக்குக் கைவந்தது.

அவருடைய இளமைக் காலம் இன்பமே நிறைந்ததன்று. 1860களில் ஹோப்பி நாட்டைக் கடும் வறட்சி வாட்டியது, பெரியம்மையும் பரவியது. மக்கள் பலர் ஊரை விட்டுக் கிழக்கே சூனி என்னும் பியூப்ளோ மக்களிடம் சென்று உயிர் பிழைத்தனர். மழை பெய்தபின் திரும்பியவர்கள் சூனியரின் கலமுறையையும் தம்முடன் கொண்டு வந்தனர். அதுமுதல் ஹோப்பி மகளிர் கலங்களின்மீது வெண்களிமண் பூசி, அதன்மேல் சூனியர் முறையில் கோலமிடலாயினர். அப்பூச்சு சுடும்போது நுண்ணிய வெடிப்புகள் கண்டது. நாம்பேயோ முதலில் கற்றதும் இம்முறையே.

1875 ஆம் ஆண்டில், நில ஆய்வுக் குழு ஒன்றுடன் வந்த வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்னும் புகைப்படக் கலைஞர் ஹானோவை அடைந்தார். நாம்பேயோவின் தமையனார் அக்குழுவினர்க்கு விருந்தளித்தார். ஜாக்சன் அப்போது நாம்பேயோவைப் படம் பிடித்தார். இருபக்கமும் சுருள்மலர் போல் கூந்தலை முடித்து, மணமாகாத ஹோப்பி மகளிர்க்குரிய கோலத்தில் விளங்கும் அவ்விளமங்கையின் படம் பின்னர்ப் பலரும் அறிந்ததாயிற்று.

இல்வாழ்க்கை

ஏறத்தாழ 1881 ஆம் ஆண்டில் நாம்பேயோ, வால்பியைச் சேர்ந்த லெசூ என்பவரை மணந்தார். லெசூ மனைவியின் கலைத்திறனை நன்கு மதித்தவர். பாழூர்களில் தென்பட்ட பழைய ஓடுகளைத் திரட்டி வந்து அவரிடம் தருவார். நாம்பேயோவிற்கு மக்கள் பலர் பிறந்தனர். அவர்களுள் ஆனி, நெல்லி, பேன்னி என்னும் பெண்மக்கள் மூவரும் பின்னாளில் அன்னையின் கலைக்கு உரிமை பூண்டனர்.

கலையின் நலிவும் வணிகரின் வரவும்

அக்காலத்தில் ஹோப்பி நாட்டின் நிலை மாறி வந்தது. தாமஸ் கீம் என்னும் வணிகர் குன்றுகளுக்குக் கிழக்கே ஒரு பள்ளத்தாக்கில் கடை அமைத்திருந்தார். 1880களின் தொடக்கத்தில் அரிசோனாவின் வடபகுதி வழியே இருப்புப்பாதையும் வந்தது. தகர வாளிகளும் இரும்புச் சட்டிகளும் கடைகளில் எளிதிற் கிடைத்தன. அவை கீழே விழுந்தாலும் உடையா, சுமப்பதற்கும் இலேசானவை. ஆதலால், வீட்டில் மட்கலம் செய்யும் வழக்கம் குறையத் தொடங்கியது. தேவையால் பிறந்த கலை, தேவை ஒழிந்தபோது மாய்ந்துவிடும் நிலை ஏற்பட்டது.

ஆயினும், கெடுத்த வணிகமே ஒருவகையில் கலைக்குத் துணையும் ஆயிற்று. தொலைநாடுகளிலிருந்து வந்தோர் பழைய கலங்களை விரும்பி வாங்கினர். கீம் பழங்கலங்களைத் திரட்டினார். பழைய மாதிரிகளைப் போன்ற புதுக் கலங்களைச் செய்து தருமாறு அவ்வூர் மகளிரையும் ஊக்கினார். அவர் திரட்டிய பெருந்தொகுதி 1892 ஆம் ஆண்டில் விலையாகி, பின்னர் ஹார்வார்டு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கலம் வனைவதில் கைதேர்ந்த நாம்பேயோ, இக்காலத்திலேயே பழைய ஓடுகளில் கண்ட வடிவங்களைத் தம் கலங்களில் எழுதத் தொடங்கிவிட்டார்.

சிக்யாட்கி அகழ்வு

1895 ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சார்பில் ஜெஸ்ஸி வால்டர் பியூக்ஸ் என்னும் அறிஞர் சிக்யாட்கியில் அகழ்வு நடத்தினார். ஹோப்பியரே மண்ணை அகழும் வேலையைச் செய்தனர். லெசூவும் அவர்களுள் ஒருவர் என்பர். மணலின் கீழிருந்து நூற்றுக்கணக்கான கலங்கள் வெளிப்பட்டன. ஓடுகளில் துண்டு துண்டாக மட்டுமே காணப்பட்ட சிறகும் அலகும் சுருளும் முழுக் கலத்தில் எவ்வாறு பொருந்தி நின்றன என்பது அப்போது விளங்கிற்று.

நாம்பேயோவும் கணவரும் அகழ்வாளரின் கூடாரத்திற்கு வந்தனர். வெளியில் எடுத்து வைத்திருந்த கலங்களை நாம்பேயோ கூர்ந்து நோக்கினார். அவற்றின் கோலங்களைப் பென்சிலால் தாளில் வரைந்து கொண்டார். இவ்வகழ்விற்குப் பின்னரே பழங்கலை மீண்டும் தோன்றிற்று என்று முன்னர்ப் பலரும் எழுதினர். அதற்கு முன்பே அவர் அத்துறையில் முயன்று வந்தார் என்பதைப் பின்வந்த ஆய்வாளர் தெளிவுபடுத்தினர். அகழ்வு அவருக்குக் கலையை ஈயவில்லை; அவர் தேடிக் கொண்டிருந்ததை நிறைவாகக் காட்டியது.

இவ்வகழ்வில் வருந்தத்தக்க ஒன்றும் உண்டு. வெளிவந்த கலங்களுள் பல, இறந்தோர்க்கு உறவினர் அன்புடன் படைத்து உடன் புதைத்தவை. அவற்றைத் தோண்டித் தொலைநகரங்களுக்குக் கொண்டு செல்வது தகுமா என்று அந்நாளில் கேட்டவர் சிலரே. பழங்குடி மக்களின் புதைகுழிகளையும் அவற்றின் பொருள்களையும் காத்து, உரியவரிடம் திருப்பித் தருவதற்கான சட்டம் அமெரிக்காவில் 1990 ஆம் ஆண்டில்தான் பிறந்தது. நாம்பேயோ அக்கலங்களைத் தமக்கென விரும்பவில்லை. கண்ணால் கண்டதைக் கருத்தில் ஏற்றுக்கொண்டு வெறுங்கையுடன் மலையேறினார். கலங்கள் அயலூர் சென்றன. கலை ஊரிலேயே தங்கிற்று.

வனையும் முறை

நாம்பேயோ பழைய கோலத்தை மட்டும் மீட்டாரல்லர்; பழைய மண்ணையும் மெருகையும் மீட்டார். வெடிப்புக் காணும் வெண்பூச்சை நீக்கினார். சுட்டால் மஞ்சளும் செம்மஞ்சளுமாக நிறம் மாறும் களிமண்ணைத் தேர்ந்து, அதன் மேற்பரப்பையே வழவழப்பாக்கி, அதன்மீது நேரே வண்ணம் தீட்டினார்.

வெட்டியெடுத்த மண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கிப் பிசைவார். அடிப்பகுதியை ஒரு வட்டிலில் அமைத்து, மண்ணைக் கயிறுபோல் உருட்டி, வளையம் வளையமாக அதன்மேல் அடுக்குவார். வளையங்களை விரலால் இணைத்து, சுரைக்குடுக்கையின் துண்டால் சுவரைச் சுரண்டி மெல்லியதாக்குவார். கலம் காய்ந்தபின் கூழாங்கல்லால் பொறுமையுடன் தேய்த்து மெருகேற்றுவார். தோள் அகன்று, வாய் சிறுத்து, மேற்பக்கம் தாழ்ந்து தட்டையாக அமைந்த அவருடைய கலங்களைக் கையால் வனைவது எளிதன்று. ஈரமண் தன் பாரத்தாலேயே உட்குழியும். அவர் கைக்கோ மண் அடங்கி நின்றது.

வண்ணங்களும் அந்நிலத்தின் விளைவுகளே. ஒருவகைக் காட்டுச் செடியை நெடுநேரம் காய்ச்சி எடுத்த சாற்றுடன், இரும்புச் சத்துடைய கல்லை உரைத்துக் கலந்தால் கருநிறம் கிடைக்கும். மஞ்சள் காவிமண் சுட்டபின் சிவக்கும். யுக்கா என்னும் செடியின் இலை நுனியை மென்று நாராக்கினால் அதுவே தூரிகை. அவர் கலத்தின்மேல் முன்னதாகக் கோடிட்டு அளப்பதில்லை. கலத்தைச் சுற்றிச் சுற்றி நோக்கிக் கோலம் முழுவதையும் மனத்தில் அமைத்துக் கொண்டே தூரிகையைத் தொடுவார். கோலத்தால் நிறைந்த இடத்தைப் போலவே, நிரப்பாது விட்ட இடமும் அவர் கலங்களில் அழகு செய்தது.

இறுதியில் கலங்களைத் திறந்த வெளியில் அடுக்கி, உலர்ந்த செம்மறியாட்டுச் சாணத்தால் மூடித் தீயிடுவார். அனல் நேரே பட்டுக் கறைபடாதவாறு, புதுக் கலங்களைச் சுற்றிப் பழைய பானை ஓடுகளை வைப்பது வழக்கம். காற்று வீசினால் பலநாள் உழைப்பு ஒருநொடியில் வெடித்துச் சிதறும். இவ்வாறு உடைந்த ஓடுகளும், புதுக் கலங்களைக் காக்கும் காப்பாக உதவின.

போலியா, புதுமையா?

நாம்பேயோவின் கலங்கள் பெயர் பெற்றபோது ஓர் ஐயமும் எழுந்தது. அவை பழங்கலங்களை மிகவும் ஒத்திருந்தமையால், பேராசை கொண்டவர் அவற்றைப் பழையன என்று கூறி விற்றுவிடுவரோ என்று அறிஞர் கவலையுற்றனர். பிறர் படைத்ததைப் பார்த்து எழுதுபவரைக் கலைஞர் என்று கூறலாமா என்னும் வினாவும் இதனுள் அடங்கியிருந்தது.

இவ்வினாவிற்கு அவர் சொல்லால் விடை கூறவில்லை, செயலால் கூறினார். தொடக்கத்தில் பழைய கோலங்களை உள்ளவாறே எழுதிப் பழகினார். நாளடைவில் அவற்றின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டார். சிறகு எவ்விடத்தில் சுருளாக மாறும், தடித்த வண்ணத்தை அடுத்து நுண்கோடு ஏன் நிற்கும் என்பனவெல்லாம் அவர் உள்ளத்தில் தெளிந்தன. அதன்பின், சிக்யாட்கி மகளிர் எழுதாத கோலங்களையும் அவர்கள் முறையிலேயே எழுதினார். கழுகின் வாற்சிறகுகளைக் கலத்தின் தோளைச் சுற்றி விரித்தார். மக்கள் இடம்பெயர்ந்து வந்த வரலாற்றை நினைவூட்டும் கோலம் ஒன்றை நெருங்கிய நுண்கோடுகளால் தீட்டினார். மொழியைக் கற்றவன் முன்னோர் சொற்களைக் கொண்டே புதுப்பாட்டு இயற்றுவதைப் போன்றது அவர் செயல். 1896 ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஹப் என்பார் அவர் கலங்களை அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்திற்கென வாங்கினார். பழங்கலங்களாக அல்ல, நாம்பேயோவின் படைப்புகளாகவே அவை ஏற்கப்பெற்றன.

புகழ் பரவுதல்

1898 ஆம் ஆண்டில் நாம்பேயோவும் லெசூவும் சிகாகோ நகருக்கு அழைக்கப்பெற்று, அங்கு நடந்த கண்காட்சியில் கலம் வனைந்து காட்டினர். குன்றின்மேல் வாழ்ந்தவர், மக்கள் வெள்ளத்தின் நடுவே அமர்ந்து அமைதியாக மண்ணைத் திரித்தார். கொலராடோ ஆற்றின் பெரும்பள்ளத்தாக்கின் விளிம்பில் ஹோப்பி இல்லம் என்னும் கட்டடம் 1905 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலும் 1907 ஆம் ஆண்டிலும் அவர் குடும்பத்துடன் அங்குத் தங்கிக் கலம் செய்தார். 1910 ஆம் ஆண்டில் மீண்டும் சிகாகோ சென்றார். கலத்தை வாங்குவோர் அதனைச் செய்தவர் பெயரைக் கேட்டறியாத அக்காலத்தில், நாம்பேயோ என்னும் பெயரைக் கேட்டே மக்கள் கலம் வாங்கினர்.

புகழுக்காக அவர் தம் ஊரையும் ஒழுக்கத்தையும் துறக்கவில்லை. வெளியூர்ப் பணி முடிந்ததும் ஹானோவிற்கே மீண்டார். அவர் கலங்களால் கிடைத்த வருவாய் வறண்ட நிலத்து உழவை நம்பியிருந்த பெருங்குடும்பத்திற்கு உதவியது. அவரைக் கண்டு அண்டை வீட்டு மகளிரும் பழைய முறையில் கலம் செய்யலாயினர். மாய்ந்துவிடும் என்று அஞ்சிய கலை ஊரெங்கும் தளிர்த்தது.

கண் இழந்தும் கலை இழவாமை

இந்நிலையில் கொடிய துன்பம் ஒன்று அவரைத் தொடர்ந்தது. டிரகோமா என்னும் கண்நோய் அவரைப் பற்றியது. 1900 ஆம் ஆண்டின் அணிமையில் தொடங்கிய குறை, ஆண்டுதோறும் முற்றியது. 1920களில் அவர் ஏறத்தாழப் பார்வையற்றவரானார். மயிரிழை போன்ற கோடுகளை எழுதிய கலைஞர்க்குக் கோடே தெரியாத நிலை வந்தது.

கண் ஒளி இழந்தது. கை அறிவு இழக்கவில்லை. சிறுவயதில் பாட்டியின் அருகில் விரல்கள் கற்ற பாடம் இருளிலும் மறவாதிருந்தது. சுவரின் பருமனையும் தோளின் வளைவையும் தொட்டுத் தொட்டு அறிந்து, முன்போலவே வடிவு குன்றாத கலங்களை வனைந்தார். கணவரும் பெண்மக்களும் அவற்றின்மீது வண்ணம் தீட்டினர். எழுத்தறியாத நாம்பேயோ தம் கலங்களில் பெயர் பொறித்தவர் அல்லர். பிற்காலக் கலங்கள் சிலவற்றில் தாயின் பெயரும் மகள் பேன்னியின் பெயரும் சேர்ந்து காணப்படும். தாய் வடித்த உருவும் மகள் தீட்டிய கோலமும் ஒரே கலமாயின என்பதற்கு அவ்விரு பெயர்களே சான்று.

1932 ஆம் ஆண்டில் லெசூ மறைந்தார். ஐம்பது ஆண்டுகள் உடனிருந்த துணைவரை இழந்தபின்னும் அம்மையார் மண்ணை விடவில்லை. 1942 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஏறத்தாழ எண்பத்து மூன்று வயதில், அவர் இயற்கை எய்தினார்.

முடிவுரை

நாம்பேயோவின் பெண்மக்கள் மூவரும் கலம் வனைந்தனர். அவர்களுடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் அத்தொழிலைப் போற்றி வருகின்றனர். ஒவ்வொருவரும் முன்னோர் கோலத்தைக் கற்று, அதனுடன் தம் கருத்தையும் சேர்க்கின்றனர். அதுவே அம்மையார் காட்டிய வழி.

பழமையைப் பூட்டி வைப்பவர் அதனைப் பொருளாகக் காக்கின்றனர். கற்றுப் பயில்பவரோ அதனை உயிராகக் காக்கின்றனர். அகழ்வாளர் எடுத்த கலங்கள் எண்ணிக்கையில் ஒரு நாளும் பெருகமாட்டா. நாம்பேயோ கற்ற கலையோ கைதோறும் பெருகி வருகின்றது. காலடியில் கிடந்த ஓட்டை எடுத்து நோக்கிய ஒரு பெண்ணின் கருத்தூன்றிய பார்வை, முன்னூறு ஆண்டுகள் மறைந்திருந்த கலைக்கு மறுவாழ்வு தந்தது. முன்னோர் விட்டுச் சென்றவற்றுள் எதனையும் சிறிதென்று இகழாது, உற்று நோக்கிக் கற்பவர் நாம்பேயோவைப் போல் உயர்வர் என்பது திண்ணம்.